கைராசிப் பெட்டிகள் விற்பனைக்கு

என் மகளுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது என்று பதிவாளர் அம்மாள் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"மேடம், நல்லாப் பாருங்க. பொண்ணு இங்க நிக்கறா, மாப்பிள்ளை அங்க உக்காந்திருக்கறாரு. முகூர்த்தமே வர்ற வெள்ளிக்கிழமைதானுங்க. அன்னிக்கே பதிவு பண்ணோணும்னு இன்னிக்கு மனு குடுக்க வந்திருக்கறோம். நீங்க என்னடான்னா ஆயிருச்சுங்கறீங்க."

மெஹருன்னிசா என்று பெயர்ப் பலகை வைத்திருந்த அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். என் மகளின் படம் இருந்தது. பெயர் வர்ணிகா. தந்தை பெயர் நாச்சிமுத்து, அதாவது நான். முகவரி கோயம்புத்தூர், கணபதி, எங்கள் வீட்டு எண். அதற்குக் கீழே, கணவர் பெயர் வெள்ளிங்கிரி, வயது நாற்பத்தொன்று, தென்னை விவசாயம், நெகமம் பக்கத்தில் ஒரு தோட்டம். பதிவாகி எட்டு மாதம். கடைசி வரியில் பச்சை எழுத்தில், 'மணமகளின் உயிரொப்பம் பொருந்தியது' என்று இருந்தது.

எனக்குச் சிரிப்பு போய்விட்டது. மேசையில் ஓங்கி அடித்தேன். எவன் அந்த வெள்ளிங்கிரி, எந்த ஊர்க் களவாணி, கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கத் துப்பில்லாதவர்கள் எதற்கு ஆபீஸ் நடத்துகிறீர்கள் என்று என்னென்னவோ கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தார். மாப்பிள்ளை நவநீதன் ஈரோட்டில் பொறியாளர், தங்கமான பையன், அவன் ஒன்றும் பேசவில்லை. அம்மா பேசினார்.

"சம்பந்தி, சத்தம் போட வேண்டாம். இது என்ன ஏதுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள தெளிவாச் சொல்லிருங்க. இல்லீன்னா நாங்க மண்டபத்துக்கு வர முடியாதுங்."

அவர்கள் போனதும் நான் செய்த முதல் காரியத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. மகள் பக்கம் திரும்பி, "யாரு அவன்?" என்று கேட்டேன்.

வர்ணிகாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "எனக்குத் தெரியாதுங்ப்பா. சத்தியமாத் தெரியாதுங்ப்பா" என்றாள்.

பதிவாளர் அம்மாள் என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சார், நீங்க எப்பவாவது மூச்சுக்காசுப் பெட்டி எதையாவது ஆன்லைன்ல வித்தீங்களா?"

தண்ணீர்த் தம்ளரை மேசையில் வைத்தேன்.

*

விற்றேன். ஒன்றல்ல, பதினொன்று விற்றேன்.

எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. ஆறு வருஷத்துக்கு முன் ஊரே மூச்சுக்காசு என்று பைத்தியம் பிடித்து அலைந்தது. கணக்குப் போட்டுப் போட்டு இணையத்திலிருந்து காசு தோண்டுகிற பெட்டி அது. மற்ற காசுகளைப் பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் மெஷின் போட்டு அள்ளிக்கொண்டு போய்விட்டன அல்லவா, அதைத் தடுக்க இதில் ஒரு புது ஏற்பாடு. ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் உயிருள்ள ஓர் ஆள் இருக்க வேண்டும். முதல்முறை ஓட்டும்போது அவர் உள்ளங்கையை வைத்துக் குரல் கொடுக்க வேண்டும். உயிரொப்பம் என்று அதற்குப் பேர். அதன்பிறகு தினமும் பெட்டி பத்துப் பதினைந்து கேள்வி கேட்கும். இன்னிக்கு மழையா, என்ன சாப்பிட்டே, இந்தக் கணக்கைச் சரிபார்க்கச் சம்மதமா, இப்படி. அவர் பதில் சொன்னால்தான் ஓடும். ஒருவர் பேரில் பன்னிரண்டு பெட்டிவரை ஓட்டலாம்.

என் பேரில்தான் ஓட்டியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் எதைத் தொடங்கினாலும் வர்ணிகா கைதான். கடை திறந்த அன்று சாவியைப் போட்டதும் அவள்தான், போர்வெல்லுக்கு முதல் தேங்காய் உடைத்ததும் அவள்தான், தண்ணி நானூறு அடியிலேயே வந்தது. அப்படி ஒரு கைராசி. ஆயுத பூஜை அன்று பன்னிரண்டு பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, அவள் உள்ளங்கையை வைக்கச் சொன்னேன். அப்போது அவளுக்குப் பதினெட்டு முடிந்து மூன்று நாள்.

காலேஜுக்கும் போய்க்கொண்டு பன்னிரண்டு பெட்டிக்கும் பதில் சொல்வது அவளுக்குச் சிரமமாகத்தான் இருந்தது. "என்ன கேக்குதுன்னே புரியலீங்ப்பா" என்பாள். "புரிஞ்சு என்ன பண்ணப் போற? எதைக் கேட்டாலும் சரின்னு சொல்லிட்டுப் போ சாமி" என்பேன். சொன்னாள். மூன்று வருஷம், காலையிலும் சாயங்காலமும், பன்னிரண்டு பெட்டிக்கும். பரீட்சை நேரத்தில் அவளுக்குக் கஷ்டம் கொடுக்க வேண்டாமென்று 'தானாகப் பதில்' என்ற பொத்தானை அழுத்திவிட்டேன். அதற்குள் பெட்டியே அவள் எப்படிப் பதில் சொல்வாள் என்று படித்து வைத்திருந்தது. அவள் குரலிலேயே சொல்லிக்கொண்டது. எவ்வளவு கெட்டிக்கார மெஷின் என்று அன்றைக்கு மெச்சிக்கொண்டேன்.

மூச்சுக்காசு ஒருநாள் மூச்சுவிடாமல் படுத்துவிட்டது. பெட்டிகளைப் பழைய சாமான் விற்கும் ஆப்பில் போட்டேன். விளம்பரம் நானே எழுதினேன். 'கைராசிப் பெட்டிகள் விற்பனைக்கு. ஒரே ஆள் பயன்படுத்தியது. நல்ல நிலை.' பெட்டிகளுக்குப் பக்கத்தில் வர்ணிகாவை நிற்க வைத்துப் படமும் எடுத்துப் போட்டேன். வெறும் பெட்டியைப் போட்டால் எடுபடாது என்று தோன்றியது. ஒரு மணி நேரத்தில் ஒரு டிரேடர்ஸ்காரன் பதினொன்றையும் கேட்டான். விற்றால் ராசி போய்விடும் என்று முதல் பெட்டியை மட்டும் சாமி அலமாரியில் வைத்துக்கொண்டேன்.

"ரீசெட் பண்ணித்தானுங்களே குடுத்தேன். எல்லாம் அழிஞ்சிருச்சுன்னு காட்டுச்சே" என்றேன் பதிவாளர் அம்மாளிடம்.

"காசுக் கணக்குதான் சார் அழியும். ஆள் அழியாது" என்றார். "திருடிட்டுப் போனவன் வேற ஆள் பேருக்கு மாத்திடக் கூடாதுன்னு, ஆளை மட்டும் அழிக்கவே முடியாத மாதிரி சில்லுக்குள்ளேயே பதிச்சிட்டாங்க. பாதுகாப்புக்குன்னு செஞ்சது. பெட்டியோட சேர்த்து உங்க பொண்ணையும் அட்டைப்பெட்டியில கட்டி அனுப்பியிருக்கீங்க."

"காசு படுத்துருச்சே மேடம், அப்புறம் அந்த ஒப்பத்துக்கு என்னங்க மரியாதை?"

"காசு படுத்துச்சு. ஆனா வீட்ல இருந்தே ஆளை உறுதிபண்ண அது வசதியா இருக்குன்னு எல்லா ஆபீசும் அதையே எடுத்துக்கிட்டாங்க. போன வருஷத்துல இருந்து கல்யாணப் பதிவுக்கும் உயிரொப்பம்தான். இந்த மாதத்துல இது எனக்கு நாலாவது கேஸ் சார். பொண்ணு கிடைக்காத தோட்டக்காரங்களா பாத்து, தரகருங்க பெட்டியை விக்கிறாங்க."

வர்ணிகா அங்கேயே கையை வைத்து மறுத்தாள். உள்ளங்கை பொருந்தியது. குரல் பொருந்தவில்லை. 'பதிவான நபருடன் ஒப்புமை குறைவு' என்று திரை சொன்னது. அவள் அழுதுகொண்டே 'நான் இல்லீங்க, நான் இல்லீங்க' என்று சொன்னாள். பதிவான வர்ணிகா ஒருநாளும் 'இல்லை' என்று சொன்னவள் இல்லையே.

"ரத்து பண்ணணும்னா அந்தப் பெட்டியும் அந்த வெள்ளிங்கிரியும் இங்க வரணும்" என்றார் மெஹருன்னிசா அம்மாள். "வேற வழி ஒண்ணு இருக்கு. அது பெரிய வழி. முதல்ல இதைப் பாருங்க."

*

போலீஸ் ஸ்டேஷனில் புகாருக்கு ரசீது கொடுத்தார்கள். ஆறு மாதம் ஆகலாம் என்றார்கள். ஆப்பில் அந்த டிரேடர்ஸ்காரன் கணக்கே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வர்ணிகா சாமி அலமாரியிலிருந்த பெட்டியை எடுத்துக் கூடத்தில் வைத்து மின்சாரம் கொடுத்தாள். என் மனைவி ருக்குமணி, "அதை எதுக்குடி இப்ப?" என்றாள். மூன்று வருஷமாகத் தூங்கிய பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"யாராவது அதுகிட்டப் பேசுங்ப்பா" என்றாள் மகள்.

நான் பேசினேன். "வர்ணிகா?"

"சொல்லுங்ப்பா" என்றது பெட்டி.

அவள் குரலேதான். அந்த 'ங்ப்பா'வை இழுக்கிற இழுப்புக்கூட அதேதான். அவள் எனக்கு எதிரே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், குரல் பெட்டியிலிருந்து வருகிறது.

"நாப்பத்தியோரு வயசு ஆளு ஒருத்தரைக் கட்டிக்கிறியா?" என்றேன்.

"சரிங்ப்பா."

ஆத்திரம் தலைக்கேறியது. பெட்டியைப் பார்த்துக் கத்தினேன். "கெணத்துல குதிக்கச் சொன்னாக் குதிச்சிருவியா?"

"சரிங்ப்பா" என்றது அது, கொஞ்சமும் யோசிக்காமல். "எப்பங்ப்பா?"

ருக்குமணி 'ஐயோ' என்று அலறி வயரைப் பிடுங்கிவிட்டாள். என்ன மாதிரிப் பேயை வீட்டுக்குள் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன். அப்படியே சொல்லவும் சொன்னேன். "பேயி! பேயைப் புடிச்சுப் பெட்டியில போட்டிருக்கறானுங்க!"

"பேயெல்லாம் இல்லீங்ப்பா" என்றாள் வர்ணிகா. "நாந்தான்."

அவள் எழுந்து உள்ளே போனாள். ருக்குமணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருபத்தேழு வருஷக் குடும்பத்தில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை.

*

மறுநாள் காலை நெகமம் போனோம். ஆளைக் கண்டதும் செவிட்டில் ஒன்று விடுவது என்று முடிவோடுதான் காரை ஓட்டினேன்.

தோட்டத்து வீட்டு வாசலில் ஒல்லியாக ஒருவர் தேங்காய் மட்டை உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே போட்டார். அவர் பார்த்தது என்னையல்ல. வர்ணிகாவைப் பார்த்த அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு ஓங்கிய கை இறங்கிவிட்டது.

"அம்மிணி! சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீங்களே!" என்றார். "அடுத்த வருசம்தான் லீவுன்னு சொன்னீங்க? வாங்க, உள்ள வாங்கோ. நீங்க அப்பாவுங்களா? வாங்கோ மாமா."

மாமா என்றார்!

உள்ளே கூடத்தில், சுவரோடு சேர்ந்த மேசையில் பெட்டி இருந்தது. நான் விற்ற பெட்டி. பக்கவாட்டில் நான் வைத்த சந்தனப் பொட்டின் தடம்கூட அழியவில்லை. மேலே ஒரு முழம் மல்லிகை. பக்கத்துச் சுவரில் பெரிதாகச் சட்டம் போட்டு, என் விளம்பரப் படத்திலிருந்து வெட்டி எடுத்த என் மகள்.

"தரகர் சொன்னாருங்க, பொண்ணு கத்தார்ல நர்ஸு, ஒப்பந்தம் முடியறவரைக்கும் வர முடியாது, இந்தப் பெட்டி வழியாத்தான் பேசோணும்னு" என்றார் வெள்ளிங்கிரி. "எனக்குப் பன்னெண்டு வருசமாப் பொண்ணு பாத்தாங்க மாமா. தோட்டக்காரன்னாலே வேண்டாங்கறாங்க. இவங்க ஒருத்தருதான் சரின்னாங்க. எல்லாத்துக்கும் சரின்னாங்க. பாத்ரூம் வீட்டுக்குள்ளயே கட்டட்டுமான்னேன், சரின்னாங்க. நீல டைல்ஸ் போடட்டுமான்னேன், சரிங்கன்னாங்க. பாக்கறீங்களா அம்மிணி?"

வர்ணிகா மெதுவாகச் சொன்னாள். "அண்ணா, நான் நர்ஸு இல்லீங்க. கத்தாருக்குப் போனதே இல்லீங்க. உங்களை நான் இன்னிக்குத்தான் பாக்கறேன். அந்தப் பெட்டியில இருக்கறது நான் பழக்கிவிட்ட பேச்சு. எனக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதம் இல்லீங்க."

அவர் சிரித்துக்கொண்டே கேட்க ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். 'அம்மிணி' என்று பெட்டியிடம்தான் கூப்பிட்டார். 'சொல்லுங்க, சாப்பிட்டீங்களா?' என்று அது கேட்டது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அந்த மனுஷனைப் பார்க்கவே முடியவில்லை, எழுந்து பின்பக்கம் போனேன். நீல டைல்ஸ் பாத்ரூம் பளபளவென்று இருந்தது. குழாயில் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது அவர் பேசிக்கொண்டிருந்தார். "இதுவரைக்கும் ஒண்ணுக்குக்கூட இல்லேன்னு சொல்லலியேன்னு சில நாள் தோணும் அம்மிணி. இப்படியும் ஒரு பொண்ணு இருக்குமான்னு. ஆனா கேக்கறதுக்கு நல்லாருந்துச்சு, விட்டுட்டேன். எம் மேலயும் தப்புத்தான்." முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். "வெள்ளிக்கெழமை பெட்டியத் தூக்கிட்டு வந்தர்றேன். ஒண்ணு சொல்லோணும். அந்தத் தரகரு டெம்போவுல வந்தாரு. பின்னாடி இதே மாதிரி இன்னும் பத்துப் பெட்டி இருந்துச்சுங்க."

*

வெள்ளிக்கிழமை காலை, முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது எல்லோரும் பதிவு அலுவலகத்தில் இருந்தோம். வர்ணிகா கூரைப்புடவையில் இருந்தாள். நடந்ததெல்லாம் பெட்டியின் வேலை, அதே பெட்டி சரியென்றால்தான் பழைய பதிவு ரத்தாகும் என்று நான் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லிப் புரியவைத்திருந்தேன். எப்படியோ சம்மதித்து வந்திருந்தார்கள். வெள்ளிங்கிரி பெட்டியைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துத் தூக்கி வந்தார். மேசையில் வைத்து இணைப்புக் கொடுத்தார்கள்.

"நீங்களே கேளுங்க" என்றார் மெஹருன்னிசா அம்மாள்.

வெள்ளிங்கிரி தொண்டையைக் கனைத்தார். "அம்மிணி, இந்தக் கல்யாணம் வேண்டாம்னு எழுதிக் குடுத்திரலாங்களா?"

"சரிங்க" என்றது பெட்டி. அதே குரல், அதே கனிவு.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். திரையில் 'ரத்து செய்யப்பட்டது' என்று வந்தது. 'அப்பாடா' என்று நான் வாய்விட்டே சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக மூச்சுவிட்டதில்லை. அரை நிமிஷம்கூட அது நிலைக்கவில்லை.

திரை சிவப்பாயிற்று. மெஹருன்னிசா அம்மாள் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். "யா அல்லா" என்றார்.

"என்னங்க மேடம்?"

"காங்கேயத்துல இருந்து ஒரு விண்ணப்பம். தாராபுரத்துல இருந்து ஒண்ணு. உடுமலை ரெண்டு. மொத்தம் பத்து. முதல் கல்யாணம் பதிவுல இருந்ததால இதெல்லாம் உள்ள வர முடியாம வெளிய நின்னிருக்கு. இப்ப இடம் காலியாச்சுல்ல, பத்தும் உள்ள வருது. பத்துலயும் பொண்ணோட சம்மதம் இருக்கு சார். எந்த மாப்பிள்ளை முதல்ல கையை வைக்கிறாரோ அது பதிவாயிடும்."

பத்துப் பேர்! என் ஒற்றை மகளுக்குப் பத்து வீட்டில் பத்து ஆண்கள், பத்து முழம் மல்லிகை.

"நிறுத்துங்க மேடம்! எப்படியாவது நிறுத்துங்க!"

"என்னால கால் மணி நேரம் பிடிச்சு வைக்க முடியும். அதுக்குள்ள ரெண்டுல ஒண்ணு செய்யணும்." அவர் வர்ணிகாவைப் பார்த்தே பேசினார். "ஒண்ணு, இப்பவே நவநீதனோட பதிவு பண்ணிடுங்க. அந்தப் பெட்டியே சரின்னு சொல்லிடும், வேலை நிமிஷத்துல முடியும். இடம் நிரம்பிட்டா மத்தது உள்ள வர முடியாது. ஆனா அந்தப் பத்துப் பெட்டியும் அங்கங்க ஓடிக்கிட்டேதான் இருக்கும். நாளைக்கு வேற எதுக்காவது சரின்னு சொல்லும்."

"ரெண்டாவது?" என்றாள் வர்ணிகா.

"உயிரொப்ப முடக்கம். அன்னிக்குச் சொன்னேனே, பெரிய வழின்னு. நீங்க என் முன்னால கையை வைக்கணும். மூணு கேள்வி வரும். மூணையும் மறுக்கணும். பெட்டிகளுக்கு மறுக்கத் தெரியாது, அதனால மறுக்கிறவங்கதான் ஆள்னு சட்டம் ஏத்துக்கும். உங்க பேர்ல ஓடுற எல்லாம் அந்த நொடியே செத்துரும். ஆனா ஒரு வருஷத்துக்கு உங்க சம்மதம் எங்கயும் செல்லாது. பேங்க்ல செல்லாது, பாஸ்போர்ட்டுக்குச் செல்லாது. கல்யாணமும் பதிவாகாது."

நவநீதனின் அம்மா, "ஒரு வருசமா? மண்டபத்துல ஆயிரம் பேரு வந்து உக்காந்திருக்கறாங்க!" என்றார்.

நான் வர்ணிகாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "சாமி, யோசிக்காத. நேரமில்ல. முதல் வழியே போதும். உனக்குப் புடிச்ச மாப்பிள்ளைதானே, போட்டோ காட்டினப்பவே சரின்னு சொன்னியே. பெட்டி சொல்லட்டும், முடிஞ்சது. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். "போட்டோ காட்டினப்ப நீங்க என்னங்ப்பா கேட்டீங்க?"

"புடிச்சிருக்கான்னு கேட்டேன்."

"இல்லீங்ப்பா. 'சரிதானே சாமி'ன்னு கேட்டீங்க."

அவள் கையை உருவிக்கொண்டு போய்க் கண்ணாடித் தட்டில் உள்ளங்கையை வைத்தாள்.

"முதல் கேள்வி" என்றது எந்திரம், பெட்டிகள் தினமும் கேட்ட அதே ராகத்தில். "இன்றைய கணக்கைச் சரிபார்க்கச் சம்மதமா?"

அவள் உதடு தானாகவே 'ச' என்று பிரிந்தது. நான் பார்த்தேன். மூன்று வருஷப் பழக்கம். பல்லைக் கடித்து நிறுத்தினாள்.

"இல்லை."

"உங்கள் பெயரில் உள்ள பன்னிரண்டு கருவிகளும் தொடர்ந்து இயங்கச் சம்மதமா?"

"இல்லை."

"இங்கே காத்திருக்கும் திருமணப் பதிவுக்குச் சம்மதமா?"

"சாமி!" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். கத்திப் பழகிய வாய்க்குக் கெஞ்சத் தெரியவில்லை, அதுவும் அதட்டலாகத்தான் வந்தது.

"இல்லை" என்றாள்.

மேசைமேல் இருந்த பெட்டியில் பச்சை விளக்கு அணைந்தது. திரையில் பத்து வரிகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. காங்கேயத்திலும் தாராபுரத்திலும் உடுமலையிலும் யார் யாரோ பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தக் குரல் நின்றுபோயிருக்கும். வெள்ளிங்கிரி மெல்ல எட்டிப் பெட்டியைத் தொட்டார். இன்னும் சூடாக இருந்தது போலிருக்கிறது, கையை எடுக்காமலே நின்றார்.

நவநீதனின் அம்மா வெளியே போய்விட்டார். அவன் மட்டும் வாசலில் நின்று திரும்பி வந்தான். "ஒரு வருஷம் கழிச்சு வந்து கேட்டா?" என்று அவளிடம் கேட்டான். அவளிடம் அவன் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"கேளுங்க" என்றாள். "அன்னிக்கு யோசிச்சு சொல்றேன்."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

"அண்ணா, அந்தத் தரகர் போன ஊரெல்லாம் உங்களுக்குத் தெரியுங்களா?" என்று வெள்ளிங்கிரியிடம் கேட்டாள். "பத்து வீட்டுலயும் நான் செத்துட்டேன்னு நெனைச்சுக்கிட்டிருப்பாங்க. போய்ச் சொல்லோணும்."

"விசாரிச்சுக் கூட்டிட்டுப் போறேன் அம்மிணி" என்றார் அவர்.

*

மண்டபத்துக்குப் போய், வந்தவர்களிடம் கைகூப்பி, சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் வெட்கம்கெட்டுப் பதில் சொல்லி வீடு வந்தபோது மத்தியானம் மூன்று மணி. ருக்குமணி படுத்துவிட்டாள். வர்ணிகா புடவையை மாற்ற உள்ளறைக்குப் போனாள். வந்த வழியெல்லாம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கூடத்தில் என் முதல் பெட்டி அன்றைக்கு விட்ட இடத்திலேயே கிடந்தது. ஏன் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து வயரை மாட்டினேன். விளக்கு எரியவில்லை. பொத்தானை அழுத்திப் பார்த்தேன். தட்டிப் பார்த்தேன். இருபத்து நாலு வருஷத்தில் அவளிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன், எல்லாமே பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவை. பதில் தெரியாமல் ஒன்றாவது கேட்க வேண்டும் போலிருந்தது. அவள் முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"வர்ணிகா" என்றேன் செத்த பெட்டியிடம். "அப்பா மேல கோவமா சாமி?"

பெட்டி பேசவில்லை. உள்ளறைக் கதவு திறந்திருந்தது.

"ஆமாங்ப்பா" என்று அங்கிருந்து பதில் வந்தது. "ரொம்ப."